மதுரைக்கும் திருச்சிக்கும் தெரிந்த சேதி

எங்கள் வீட்டில் ஊர்களுக்குச் சளி பிடிக்கும், காய்ச்சல் வரும். "மதுரைக்கு இன்னைக்குத் தொண்ட கட்டிட்டு, பாவம்" என்பாள் அத்தை, வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டே. இன்னொரு நாள், திருச்சிக்குப் பேரன் பிறந்திருக்கிறான் என்பாள். அம்மா அடுப்படியில் இருந்தபடியே "மொதப் பேரனா?" என்று கேட்பாள். வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் இந்தப் பேச்சைக் கேட்டுத் திகைத்துப்போயிருக்கிறார்கள். எனக்கு அதில் விசித்திரம் எதுவும் தெரிந்ததில்லை. மதுரை என்பது ஓர் ஊரும்கூட என்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொன்னபோதுதான் ஆச்சரியமாக இருந்தது.

அத்தை என் அப்பாவின் தங்கை. தூத்துக்குடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். புதுத் துறைமுகம் அப்போது பேச்சளவில்தான் இருந்தது. கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும், தோணிகள் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கும். ஊரில் டெலிபோன் வைத்திருந்தவர்கள் கப்பல் ஏஜெண்டுகள், உப்பு வியாபாரிகள், பெரிய டாக்டர்கள், இப்படிக் கொஞ்சம் பேர். விரலால் எண்ணைச் சுழற்றுகிற வட்டு அந்தக் கருவிகளில் கிடையாது. எடுத்துக் காதில் வைத்தால் அத்தையோ அவளுடைய கூட்டாளி ஒருத்தியோ "நம்பர் ப்ளீஸ்" என்பாள். கேட்ட எண்ணுக்குரிய துளையில் கம்பியைச் செருகினால் இவரும் அவரும் பேசலாம். வெளியூர் என்றால் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அத்தை மதுரையைக் கூப்பிட்டு, மதுரை மெட்ராஸைக் கூப்பிட்டு, எல்லாச் செருகலும் ஒன்று சேர்ந்த பிறகுதான் உப்பு வியாபாரியால் ஹலோ சொல்ல முடியும். ஆபரேட்டர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தது கிடையாது. கம்பியில் ஊர்ப்பெயரே ஆள்பெயர். அத்தைக்கும் அங்கே பெயர் தூத்துக்குடிதான்.

அப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலில் ஏறுகிற மூட்டைகளைச் சரிபார்க்கிற வேலை. சாயங்காலம் அவர் சட்டையில், மருந்துக்காகக் கப்பலேறும் நிலாவாரை இலையும் கருவாடும் கலந்த ஒரு வாடை வரும். தங்கையைச் சீண்டுவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது, "கம்பி அறுந்து விழுந்துட்டுன்னா ஒங்க கவர்மெண்டு என்னளா செய்யும்?" என்று கேட்டார்.

அத்தை எழுந்து போய்ச் சமையலறைச் சாமான்களைக் கொண்டுவந்து பாயில் பரப்பினாள். உப்புச் சாடி தூத்துக்குடி. தயிர்ச் சட்டி மதுரை. ஊறுகாய்ப் பாட்டில் திருச்சி. தண்ணீர்ச் செம்பு மெட்ராஸ். மதுரைக்கும் மெட்ராஸுக்கும் நடுவில் அறுந்தால் திருச்சியைக் கேட்பேன், அதுவும் இல்லையென்றால் சேலத்தைப் பிடிக்கச் சொல்வேன் என்று அகப்பையைச் சேலமாக வைத்தாள். சேலத்திலிருந்து பெங்களூர், பெங்களூரிலிருந்து மெட்ராஸ். சுற்றிப்போகிற வழிதான், ஆனால் போய்விடும்.

"பேச்சு போயிச் சேருமா?"

"ஒவ்வொரு ஊரு தாண்டும்போதும் சத்தம் தேஞ்சிக்கிட்டே வரும். ஆனா சேந்துரும்ண்ணே."

"எங்க தோணிக்காரனுக்குக் காத்து இல்லன்னா அம்புட்டுதான். நீ பெங்களூரு போயாவது ஆளப் புடிச்சிருவ" என்று சொல்லிவிட்டு, மதுரையைக் கையில் எடுத்துத் தன் சோற்றில் கவிழ்த்துக்கொண்டார் அப்பா. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அத்தைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம் அப்பாவுக்கு வயிற்றுவலி அதிகமாகிவிட்டது. ஒருநாள் கப்பலுக்குப் போகிற லாஞ்சுப் படகில் வைத்து ரத்தமாக வாந்தி எடுத்தார் என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். குடல்புண், அறுத்துத்தான் ஆற்ற வேண்டும், மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிதான் நல்லது என்றார் டாக்டர். சித்தப்பா மெட்ராஸில் இருந்தார். அவரே வந்து அப்பாவை அழைத்துப் போனார். அம்மாவால் கூடப் போக முடியவில்லை. அவளுக்கு அது ஏழாம் மாதம். எனக்குப் பின்னால் இரண்டு பிள்ளைகள் நிற்காமல் போயிருந்ததால் இந்தத் தடவை படி ஏறி இறங்கக்கூட டாக்டரம்மா யோசித்துத்தான் விடுவார். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அப்பா என்னிடம், "அம்மாவ ஓடவிடாமப் பாத்துக்கோ, ஏட்டி" என்றார். அம்மா எப்போது ஓடினாள் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ரயில் நகர்ந்துவிட்டது.

ஆபரேஷன் நாள் முன்கூட்டியே தெரியும். அன்று மத்தியானம் ஆஸ்பத்திரி ஆபீஸ் டெலிபோன் பக்கத்தில் சித்தப்பா காத்திருப்பார், அத்தை இங்கிருந்து கூப்பிட்டு விவரம் கேட்டு வருவாள் என்று ஏற்பாடு. ஆனால் முந்தின நாளே வடக்கே எங்கோ புயல் கரை கடந்துவிட்டது. எங்கள் ஊரில் வெறும் மழைதான், நெடுநேரம் பெய்தது. மத்தியானம் போய்ச் சாயங்காலம் ஆகியும் அத்தை வராததால் அம்மாவால் வீட்டில் இருக்க முடியவில்லை. ஒரு குடைக்குள் என்னையும் தன் வயிற்றையும் அடக்கிக்கொண்டு எக்ஸ்சேஞ்சுக்கு நடந்தாள். வழியெல்லாம் நான் அவள் ஓடிவிடாதபடி கையைப் பிடித்துக்கொண்டே போனேன்.

எக்ஸ்சேஞ்சின் முன்கூடத்தில் பொதுஜனங்கள் பேசுவதற்கு ஒரு கண்ணாடிக் கூண்டு இருந்தது. அதற்குப் பின்னால் ஆபரேட்டர்கள் இருக்கும் அறை. வெளியாட்களை உள்ளே விடமாட்டார் என்று பெயர் வாங்கிய சூப்பர்வைசர் அண்ணாச்சி, அம்மாவைப் பார்த்ததும் எழுந்து வந்து கூண்டுக்குள் ஒரு நாற்காலி போட்டார். "லைன் கெடச்சா ஒங்களுக்கே குடுக்கச் சொல்லுதேம்மா. பிள்ள நனைஞ்சிருக்கு, உள்ள வந்து இருக்கட்டும்" என்றார். இப்படித்தான் நான் முதன்முதலாக அத்தையின் அறைக்குள் போனேன்.

சுவர் முழுக்கத் துளைகள். துளைகளுக்கு மேலே சின்னச் சின்ன விளக்குகள். பலகையிலிருந்து கம்பிகள் ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே போயிருந்தன. அத்தை தலையில் வளையம் மாட்டி, வாய்க்கு நேரே ஒரு கருப்புக் குழலுடன், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் பார்க்கிற அத்தை மாதிரியே இல்லை.

"மதுரை, இன்னொரு தடவ பாருங்களேன்" என்றாள். பிறகு, "திருச்சிக்கும் மெட்ராஸ் இல்லையா? சரி. சேலம் இருக்கா? சேலத்தக் கேக்கச் சொல்லுங்க. நம்ம வீட்டுக் காரியம்னு சொல்லுங்க மதுரை. எங்க அண்ணன்னு சொல்லுங்க."

மற்ற ஊர்கள் சொன்னதெல்லாம் அவள் காதுக்குள் மட்டும் விழுந்தது. எனக்குக் கேட்டது அத்தையின் பாதிப் பேச்சுதான். சேலத்தில் யாரோ பெங்களூருக்குச் செருகினார்கள். பெங்களூர் கொஞ்ச நேரம் அசையவில்லை. நடுவில் ஒருமுறை எல்லாமே விட்டுப்போய், அத்தை மறுபடியும் மதுரையிலிருந்து ஆரம்பித்தாள். மழைச் சத்தத்தில் எனக்குத் தூக்கம் வந்தது. அவள் "மெட்ராஸ்! மெட்ராஸ் கெடச்சிட்டு!" என்று கூவியதில்தான் விழித்தேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அம்மா டெலிபோனை இரண்டு கையாலும் பிடித்துக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

அம்மாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அத்தனை ஊர் சுற்றி வந்த குரல் தேய்ந்து போயிருந்தது. "கொழுந்தனாரே, கொழுந்தனாரே" என்று அம்மா கத்தினாள். அத்தைக்குக்கூடச் சித்தப்பாவின் குரல் எட்டவில்லை. அவள் அம்மாவிடம் குழல் வழியாக, "நீங்க சும்மா வச்சிக்கிட்டு இருங்க மைனி, நான் கேட்டுச் சொல்லுதேன்" என்றாள். பிறகு அம்மாவின் லைனை அடைக்கிற சாவியைத் தட்டி, "மதுரை, நேரா எட்டல. ஒவ்வொருத்தரும் கேட்டு அடுத்தவங்ககிட்ட சொல்லுங்க. எங்க தம்பி என்ன சொல்லுதான்னு கேளுங்க" என்றாள்.

ஆக, மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் சித்தப்பா சொன்னதைப் பெங்களூர் கேட்டு ஆங்கிலத்தில் சேலத்துக்குச் சொல்லியிருக்கிறது. சேலம் அதைத் தமிழாக்கித் திருச்சிக்குச் சொல்லியிருக்கிறது. திருச்சி மதுரைக்கு. இதெல்லாம் வளர்ந்த பிறகு எனக்கு விளங்கியது. அன்றைக்கு நான் பார்த்தது அத்தை காத்திருந்ததை மட்டும்தான்.

"சொல்லுங்க மதுரை" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "மதுரை, இருக்கீங்களா? லைன் போயிட்டா? ஏன் பேசமாட்டேங்கீங்க?"

அப்புறம் மதுரை பேசியிருக்க வேண்டும். அத்தை பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "திரும்பச் சொல்லச் சொல்லுங்க" என்றாள். திரும்பவும் எல்லா ஊரையும் கடந்து அது வந்தது. "சரியாக் கேக்கல" என்று மறுபடியும் சொல்லவைத்தாள். சூப்பர்வைசர் அண்ணாச்சி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அத்தை கண்ணாடி வழியாக அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஒரு கையால் டெலிபோனையும் மறு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டு, என்ன என்ன என்று தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அத்தை சாவியைத் தட்டினாள். "மைனி, ஆபரேசன் முடிஞ்சிட்டாம். அண்ணன் தூங்குதாவளாம்."

"நல்லா இருக்காவளாமா?"

"தூங்குதாவளாம் மைனி. நம்மளப் பொறப்பட்டு வரச் சொல்லுதான் தம்பி. நாளைக்குக் காலைலயே போவம், நானும் வாரேன்."

அம்மா கூண்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்து கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள். அத்தை தலையிலிருந்து வளையத்தைக் கழற்றப் பார்த்தாள். முடியில் சிக்கிக்கொண்டது. சூப்பர்வைசர் அண்ணாச்சிதான் மெதுவாக எடுத்துவிட்டார். அவர் அத்தையின் இடத்தில் தானே உட்கார்ந்து, ஒவ்வொரு ஊராக நன்றி சொல்லி, நாங்கள் காலை வண்டியில் புறப்படுவதையும் சொல்லி, கம்பிகளைப் பிடுங்கினார். என் கையில் ஒரு மக்ரூன் கொடுத்தார். ஆபரேஷன் முடிந்ததற்கு இனிப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அத்தை பெட்டி கட்டினாள். அப்பாவின் கல்யாணக் கோட்டை எடுத்து அடியில் வைத்து, மேலே புடவைகளை அடுக்கினாள். "அது எதுக்கு அத்தை?" என்று கேட்டேன். அம்மா அடுப்படியில் இருந்தாள். அத்தை அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "மெட்ராஸ்ல குளிரும்லா" என்றாள். எனக்கு அது நியாயமாகவே பட்டது. அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி ரயிலிலிருந்து இறங்குவார், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய்க் காட்டலாம் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

அந்த ரயில் பயணத்தைப் போல அம்மா சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. பல மாதக் கவலை இறங்கிவிட்டது அவளுக்கு. எதிரே உட்கார்ந்திருந்த வாழைக்காய் வியாபாரியின் மனைவியிடம், "அவியளுக்கு ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சிட்டு" என்று எல்லாவற்றையும் சொன்னாள். ஜெபம் பண்ணினதைச் சொன்னாள், கனவு கண்டதைச் சொன்னாள். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கினாள். "இப்ப குடுக்கக் கூடாது, வயிறு ஆறின பெறகு திம்பாவ" என்று பையில் பத்திரமாக வைத்தாள். அத்தை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். மழைச்சாரல் உள்ளே அடித்தும் கதவை இறக்கவில்லை. "சளி புடிக்கும்ளா" என்று அம்மா திட்டினாள்.

மதுரையில் வண்டி மாற வேண்டும். பிளாட்பாரத்தில் நாங்கள் மூட்டையோடு நின்றபோது ஓர் ஒல்லியான பெண் எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டே வந்தாள். அம்மாவின் வயிற்றைப் பார்த்து நின்றாள். பிறகு அத்தையைப் பார்த்து, "தூத்துக்குடியா?" என்றாள்.

அத்தை அந்தக் குரலைக் கேட்ட மாத்திரத்தில், "மதுரை!" என்றாள்.

இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இருமுகிற, தொண்டை கட்டுகிற மதுரையை நான் மீனாட்சி கோவில் கோபுரம் அளவுக்கு நினைத்து வைத்திருந்தேன். இவளோ அத்தையின் தோள் உயரம்கூட இல்லை. ஒரு தூக்குச்சட்டியில் எங்களுக்கு இட்லியும், தனியாக அம்மாவுக்குப் பாலும் கொண்டுவந்திருந்தாள். அம்மா நெகிழ்ந்துபோய்விட்டாள். "ஒங்க புண்ணியத்துலதான்ம்மா நேத்து சேதி கெடச்சுது. அவிய நல்லா இருக்காவ. தூங்குதாவன்னு சொன்ன பெறகுதான் எனக்கு உசுரே வந்துது" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மதுரை சட்டென்று குனிந்து என் செருப்பின் வாரை அவிழ்த்து மறுபடி மாட்ட ஆரம்பித்தாள். அது சரியாகத்தான் மாட்டியிருந்தது. ரொம்ப நேரம் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட வச்சிருங்க அவங்கள. வயித்துப்பிள்ளக்காரி பட்டினியா எறங்கக் கூடாது" என்று அத்தையிடம் மட்டும் மெல்லச் சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது திரும்பிப் பார்க்கவே இல்லை.

திருச்சியில் வண்டி நின்றபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அங்கே குடை பிடித்துக்கொண்டு நரைத்த தலையோடு ஒரு பெரியவர் பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்து வந்தார். கையில் ரொட்டிப் பொட்டலம், பிளாஸ்கில் காப்பி. இவர்தான் திருச்சியா என்று எனக்கு ஒரே பரபரப்பு. திருச்சி லைன் கிடைக்காமல் காத்திருக்கும் நேரத்தில் பாட்டுப் பாடும் என்று அத்தை சொல்லியிருக்கிறாள். "நீங்க பாடுவீங்களாமே, ஒரு பாட்டுப் பாடுங்க" என்றேன். அம்மாவும் சிரித்துக்கொண்டு, "பாடுங்களேன், பிள்ள ஆசப்படுது" என்றாள். பெரியவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி என் தலையில் வைத்தார்.

"அவங்களுக்குத் தொண்ட கட்டியிருக்கு" என்றாள் அத்தை.

தொண்டை கட்டுவது மதுரைக்கு அல்லவா என்று நான் சொல்ல வாயெடுத்தேன். வண்டி கிளம்பிவிட்டது. இனி எல்லா ஸ்டேஷனிலும் யாராவது பலகாரத்தோடு வருவார்கள் என்று நான் நம்பினேன். விழுப்புரத்தில் தண்டவாளத்தில் தண்ணீர் என்று வண்டி நின்றுகொண்டே இருந்தபோதும் ஜன்னலோரம் விழித்துக்கொண்டு இருந்தேன். யாரும் வரவில்லை.

எழும்பூரில் இறங்கும்போது பகல் ஏறிவிட்டது. சித்தப்பா பிளாட்பாரத்தில் நின்றார். சவரம் செய்யாத முகம், கலங்கிய கண். அம்மாவைப் பார்த்ததும், "மைனி" என்று சொல்லித் தூணில் சாய்ந்தார். அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பி அத்தையைப் பார்த்தாள். அத்தை அதிர்ச்சியடையவில்லை, அழவில்லை, என்ன என்று கேட்கவும் இல்லை. அதை அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஒனக்குத் தெரியும்" என்றாள்.

அத்தை அவளைப் பிடிக்க வந்தாள். அம்மா கையை உதறினாள். "எட்டிப் போ. நான் ஊரெல்லாம் சிரிச்சிக்கிட்டு வந்தேனே, ஏளா. வழியெல்லாம் பல்லக் காட்டிக்கிட்டு வந்தேனே. மிட்டாயி வாங்கினேனே. பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டு வந்தியே!"

சித்தப்பாதான் அம்மாவைத் தாங்கி வண்டியில் ஏற்றினார்.

அப்பாவுக்கு அந்தக் கோட்டைத்தான் போட்டிருந்தார்கள். மெட்ராஸிலேயே அடக்கம். எங்கள் பக்கம் ஐயர் என்று கூப்பிடுகிற குருவானவர் குடைக்கடியில் நின்று, கர்த்தருக்குள் நித்திரையடைந்த நமது சகோதரர் என்று வாசித்தார். எனக்கு நித்திரை என்றால் என்னவென்று தெரியும், வேதபாட வகுப்பில் படித்திருந்தேன். அம்மாவின் முந்தானையை இழுத்து, "அத்தை சொன்னதத்தான் ஐயரும் சொல்லுதாரு" என்றேன். அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான் சொன்னேன். அம்மா என்னை வெறித்துப் பார்த்துவிட்டு, அதுவரை அழாத அழுகையெல்லாம் அழத் தொடங்கினாள்.

தூத்துக்குடிக்குத் திரும்பிய பிறகு அம்மா அத்தையோடு பேசவில்லை. சண்டை போடவும் இல்லை. அத்தைக்குச் சோறு எடுத்து வைப்பாள், அத்தையின் புடவை மழையில் நனைந்தால் எடுத்து மடித்து வைப்பாள். வார்த்தை மட்டும் கிடையாது. அம்மாவுக்கு மாதம் ஏற ஏற, காலையும் மாலையும் காலைப் பிடித்துவிட அத்தை வந்து உட்காருவாள். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். ஆனால் காலை இழுத்துக்கொள்ள மாட்டாள்.

பேச வேண்டியது எல்லாம் என் வழியாகப் போயிற்று. "ஒங்க அத்தைய சாப்பிட வரச் சொல்லு" என்பாள் அம்மா, அத்தை எட்டு வைத்தால் தொடுகிற தூரத்தில் நின்றாலும். நான் திரும்பி, "அத்தை, சாப்பிட வரணுமாம்" என்பேன். "பெறகு சாப்பிடுதேன்னு சொல்லு" என்பாள் அத்தை. எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடித்துப்போயிற்று. நான் இல்லாமல் வீட்டில் ஒரு காரியமும் நடக்காது என்கிற பெருமை. நாளாக நாளாக, சொன்னதை மட்டும் சொல்வது எனக்குப் போதவில்லை. "அம்மா ஒனக்கு முட்ட பொரிச்சி வச்சிருக்கா" என்று சேர்த்துக்கொள்வேன். அத்தை அவசரமாக வந்து உட்காருவாள், தட்டில் வெறும் துவையல் இருக்கும். அவள் அதையே சாப்பிட்டு எழுந்திருப்பாள். அம்மாவிடம் போய், "அத்தைக்குத் துவையல் ரொம்பப் புடிச்சிருக்காம்" என்பேன். மறுநாள் நிஜமாகவே முட்டை பொரிந்தது.

தம்பி மிஷன் ஆஸ்பத்திரியில் பிறந்தான். அன்று வெயில் நன்றாக அடித்தது. அத்தை வராந்தா பெஞ்சில் வேலைக்குப் போகிற புடவையோடு உட்கார்ந்திருந்தாள். உள்ளே கூப்பிடாமல் போகக் கூடாது என்று இருந்தாள் போலிருக்கிறது. என்னை மட்டும் நர்ஸ் உள்ளே விட்டாள். அம்மா களைத்துப்போய்ப் படுத்திருந்தாள். "தம்பின்னு சொல்லு" என்றாள். நான் வராந்தாவுக்கு ஓடி, "தம்பியாம்!" என்றேன். "மொகம் யாரு மாதிரி இருக்குன்னு கேளு" என்றாள் அத்தை. திரும்ப ஓடினேன். அம்மா குழந்தையின் முகத்திலிருந்து துணியை விலக்கிப் பார்த்தாள். "வந்து பாக்கச் சொல்லு" என்றாள்.

அத்தை வாசலுக்குள் வந்து நின்றாள். நான் நடுவில் நின்றுகொண்டு, அம்மா என்ன சொல்லப் போகிறாள், அதை எப்படி அலங்கரித்துச் சொல்லலாம் என்று தயாராக இருந்தேன். அம்மா குழந்தையைத் துணியோடு தூக்கி என் தலைக்கு மேலே நீட்டினாள்.

"இந்தா, புடி. கழுத்தப் பாத்துப் புடி" என்றாள்.

என்னிடம் சொல்லவில்லை. நேராக அத்தையிடம் சொன்னாள்.

அத்தை வாங்கிக்கொண்டாள். குழந்தையின் நெற்றியும் மூக்கும் அப்பாவுடையவை என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். அன்று எனக்குச் சிவப்பாக, சுருங்கிப்போய், யார் மாதிரியும் இல்லாமல்தான் தெரிந்தது. அத்தை அதைப் பார்த்துக்கொண்டே கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அம்மா அவள் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு அந்த மதுரைப் பிள்ள ஒங்கிட்ட என்ன சொல்லிச்சி? அவிய எப்பம் போனாவளாம்? என்னயத் தேடினாவளாமா? ஒரு வார்த்த விடாமச் சொல்லுளா. நீ கேட்டத நானும் கேக்கணும்."

அத்தை வாயைத் திறந்தாள். பிறகு இரண்டு பேரும் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்தார்கள்.

"நீ வெளிய போயி வெளையாடு" என்றாள் அம்மா.

என்ன சொல்ல வேண்டும் என்றாலும் நான் சொல்கிறேனே என்று கெஞ்சினேன். அத்தை எழுந்து என்னை வராந்தாவில் விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அவர்கள் பேசுகிற சத்தம் கேட்டது, வார்த்தை புரியவில்லை. அத்தை கொஞ்சம் பேசுவாள். அம்மா அழுவாள். இருவரும் அழுவார்கள். மறுபடி அத்தை பேசுவாள். பேசாமல் இருந்த வரைக்கும் இரண்டு பேரும் அழாமல் நன்றாகத்தானே இருந்தார்கள், இப்போது என்ன கேடு வந்தது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பெஞ்சில் உட்கார்ந்து நானும் அழுதேன்.

அந்த வழியாக வந்த நர்ஸ் என்னைப் பார்த்து நின்றாள். கன்னத்தைத் துடைத்துவிட்டு, "தம்பி வந்துட்டான்னு பொறாமையா?" என்று சிரித்தாள். எனக்கும் வேறு காரணம் தெரியாததால், ஆமாம் என்று தலையாட்டினேன்.